மண்டைக்காட்டு மணலில் ஒரு நாவல் வாசிப்பு

மாசிக் கொடை முடிந்து, கடைகள் பிரிக்கப்பட்டு, மண்டைக்காட்டுக் கடற்கரை தன் இயல்புக்குத் திரும்பியபின் நண்பர்கள் நாங்கள் நால்வர் மாலை வேளைகளில் அங்கே கூடுவதுண்டு. ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; பகவதியம்மன் கோயிலை அடுத்த தெருவினர். மற்றவர் புதூரில் வலையும் வள்ளமுமாக வாழ்ந்து, இன்று தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர். மூன்றாமவருக்குக் குளச்சலில் துணிக்கடை. நான்காமவன் இதை எழுதும் நான். எங்களைச் சேர்த்து வைத்தவை நாவல்களே.

நல்ல நாவல்களைத் தேடி நாங்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இரணியலின் வாழ்வை நீல பத்மநாபன் 1968-இல் ‘தலைமுறைகள்’ ஆக்கினார். தேங்காய்ப்பட்டணத்து இஸ்லாமியரின் கதையைத் தோப்பில் முகம்மது மீரான் 1988-இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யாகத் தந்தார். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இல் வெளிவந்தது. பனையேறியின் மகனை விரும்பும் லிஸியின் கதை அது. “இதில் ஒரு சொல்லை எடுத்தால் வீடு சரிந்துவிடும்” என்பார் ஆசிரியர். கட்டமைப்பே எழுத்தின் உயிர் என்பது அவர் கட்சி.

மீனவ நண்பரின் அளவுகோல் வேறு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956-இல் மலையாளத்தில் வந்தது. அதைத் தமிழாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலிலிருக்கும் கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த நாவல் அது. நண்பர் அதைப் படித்துவிட்டு, “காற்றும் நீவாடும் பாராமல் போனவன் செத்தால், வீட்டிலிருப்பவள் என்ன செய்வாள் சார்? எங்க அம்மா கேட்டிருந்தால் துடுப்பைத் தூக்கியிருப்பாள்” என்றார். நீவாடு என்பது கடலின் நீரோட்டம். உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ் 2004-இல் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ நூலில் கட்டுமரம் கடலில் அலைக்கழியும் பகுதிகளையோ, அவர் விரலை வரிகளின்மேல் ஓட்டிக்கொண்டே மெல்ல வாசித்தார். அன்று இருட்டும்வரை எவரும் எழவில்லை.

அவ்வாறு வாசித்துவந்த எங்களிடம் துணிக்கடை நண்பர் ஒருநாள் பொன்னீலனின் ‘மறுபக்கம்’ நாவலைக் கொண்டுவந்து வைத்தார். அது 2010-இல் வெளியானது. 1982-இல் இதே மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தைப் பொருளாகக் கொண்டது. அவ்வாண்டு மார்ச் 1 அன்று இக்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. நம் குடும்பங்களில் அந்த ஆண்டின் பேச்சு எழுந்ததும் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளிலும் அப்படித்தானாம்.

புத்தகத்தைக் கண்டதும் ஆசிரியர், “எழுதியவர் யார் பக்கம்?” என்றார். ஏறக்குறைய அதே கணத்தில் மீனவ நண்பரும் அதையே கேட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெரிய நூல் அது. வாசிக்க எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. பொன்னீலன் கலவரத்தோடு நின்றுவிடாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோள்சீலைப் போராட்டம்வரை பின்னோக்கிச் செல்கிறார். சில இடங்களில் வரலாறு கதையை முந்திக்கொள்கிறது என்பது என் எண்ணம். ஆயினும் தமக்கு உடன்பாடில்லாத மனிதனுக்கும் நாவலாசிரியன் வாய் கொடுக்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றது அந்த வாசிப்பில்தான். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 28 ஆண்டுகள்! அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு பக்கத்தில் வாசிப்பு நின்றது. கரையில் அன்று நடந்ததைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம், குரல்கள் உயர்ந்தன. அப்போது ஆசிரியருக்கு முப்பது வயது, மற்றவருக்கு இருபது. நாற்பதாண்டு நட்பில் அதுவரை அவர்கள் அதைப் பேசியதே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. “வாயால் பேச வேண்டாம், கண்டதை எழுதி வாருங்கள்” என்று கடைக்காரர் இருவரையும் அனுப்பி வைத்தார்.

மறுவாரம் ஆசிரியர் நான்கு பக்கங்கள் கொண்டுவந்தார். அழகிய நடை, காரணங்கள், விளைவுகள், மேற்கோள்கள். மீனவ நண்பரிடம் இருந்தது அரைப் பக்கம். எழுத்துப் பிழைகள் மலிந்த அந்த அரைப் பக்கத்தில் மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. அன்று அவர்கள் எங்கே நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதும் இருந்தது. மூவருள் ஒருவன் ஆசிரியரிடம் எட்டாம் வகுப்பு படித்தவன்.

ஆசிரியர் தம் நான்கு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். அவற்றில் ஒருவர் பெயரும் இல்லை. தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் வேறு எழுதி வருகிறேன்” என்றார்.