தாதி ஒருத்தி, கட்டில் முப்பது

வெளிநாட்டுக்குப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை என்றதும் நம் தோட்டங்களில் பலர் நினைப்பது இதுதான். வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, முதுகில் கூடை இல்லை. பாட்டிமாருக்குச் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மாதம் முடியச் சம்பளம். "நோகாம செய்யிற வேல" என்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்த வேலைக்குப் போன பிள்ளை போனில் பேசும்போது, "வேல பெரிசில்லம்மா, கூட வேல செய்யிறவங்கதான் ஆகாது" என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "நீ அனுசரிச்சுப் போ மகளே" என்பதுதான் உடனே வாயில் வருகிற பதில். அது நல்ல பதிலா? அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். எனவே இம்முறை இங்கிலாந்திலுள்ள முதியோர் இல்லம் ஒன்றின் அன்றாட வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அங்கே இரண்டு வகை இல்லங்கள் உண்டு. ஒன்றில் குளிக்க, உடுக்க, சாப்பிட உதவி தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள். மற்றது தாதியர் பராமரிப்பு இல்லம். அங்கே இருப்பவர்களுக்கு நோயும் உண்டு, ஆகவே இரவு பகல் இருபத்திநான்கு மணித்தியாலமும் பதிவு பெற்ற தாதி ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். அவருக்குக் கீழே பராமரிப்பு உதவியாளர்கள். ஆஸ்பத்திரி வாட்டைப் போல டொக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார், வேண்டுமானால் போன் பண்ணித்தான் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் வேலை நேரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு, அல்லது இரவு எட்டிலிருந்து காலை எட்டு. பன்னிரண்டு மணித்தியாலம்.

ஒரு மாடியில் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். காலை மருந்துச் சுற்று எட்டு மணிக்குத் தொடங்கும். ஒருவரின் பெயர், மருந்து, அளவு எல்லாம் சரிபார்த்து, அவர் விழுங்கும்வரை நின்று, கையெழுத்துப் போட நாலு நிமிடம் என்றாலும் முப்பது பேருக்கு 120 நிமிடம். இது யாரும் குறுக்கே வராவிட்டால். ஆனால் மணி அடிக்கும், ஒருவர் விழுந்துவிடுவார், மகள் ஒருத்தி போனில் "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்பாள். பத்துத் தடவை ஐந்தைந்து நிமிடம் போனால் ஐம்பது நிமிடம் கூடுதல். சுற்று முடியப் பதினொரு மணி ஆகும். பன்னிரண்டுக்கு அடுத்த சுற்று. மருந்து கொடுக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிய சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு தாதிமார் நடப்பது அங்கே சில இடங்களில் வழக்கம். அதையும் மீறித்தான் கூப்பிடுகிறார்கள்.

பிந்தினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். எல்லா மருந்துக்கும் அப்படி இல்லை. ஆனால் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் உள்ளவருக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து நேரத்துக்குப் போக வேண்டும். அரை மணித்தியாலம் பிந்தினாலே உடம்பு விறைத்து, நடக்க முடியாமல், சாப்பாடு விழுங்க முடியாமல் போகலாம். நேற்று ஒருத்தர் கைபிடித்து நடந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தவரை இன்றைக்கு இரண்டு பேர் தூக்கும் இயந்திரத்தில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டு பேரும் வேறு யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்த உதவியாளர்கள். அந்த வேலை பாதியில் நிற்கும். "மருந்த நேரத்துக்குக் குடுத்திருந்தா எங்களுக்கு இந்தப் பாடு இல்ல" என்று அவர்கள் முணுமுணுப்பார்கள். "மருந்து குடுக்கும்போது என்ன ஏன் கூப்பிட்டீங்க" என்று தாதி நினைப்பார். சண்டையின் முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆள்தான் போதவில்லை.

இரவு வேலைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுக்கையோடு கிடப்பவர்களை வழக்கமாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆளைப் பொறுத்து நேரம் கூடலாம், குறையலாம். புரட்டாவிட்டால் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இரத்தம் ஓடாமல் படுக்கைப்புண் வந்துவிடும். லயத்தில் கிடையாகக் கிடக்கும் நம் பெரியவர்களுக்கும் இதே விதிதான். தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, ஆகவே அந்த இடம் சூடாகவோ கல்லுப் போலவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்பென்சரிக்குச் சொல்லிவிட வேண்டியது அந்தக் கட்டத்தில்தான், தோல் உரிந்த பிறகு அல்ல.

இல்லத்துக்குத் திரும்புவோம். அப்படிப்பட்டவர்கள் எட்டுப் பேர், ஒருவரைப் புரட்ட இரண்டு உதவியாளர்கள் சேர்ந்து பத்து நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 80 நிமிடம். இரண்டு மணித்தியாலத்தில் மீதி இருப்பது 40 நிமிடம். மற்ற இருபத்திரண்டு பேரின் மணி, மலசலம், தண்ணீர், நினைவு தடுமாறி வாசலைத் தேடுகிறவர்கள், எல்லாம் அந்த 40 நிமிடத்துக்குள். இந்த இரண்டு பேரில் ஒருவர் சுகமில்லை என்று வராவிட்டால் கணக்கே இல்லை. தாதி தன் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பிறகு காலையில் வருகிற ஆட்கள் நனைந்த படுக்கை ஒன்றைக் கண்டால், "ராத்திரி ஆளுங்க தூங்கிட்டாங்க" என்பார்கள். பகல் வேலை இப்படி, இரவு வேலை அப்படி என்று இரண்டு கட்சி உண்டாவது எந்த நாட்டு இல்லத்திலும் காணக்கூடியது. இதைவிட ஆபத்தானது இன்னொன்று. ஏச்சுக்குப் பயந்து, புரட்டாமலே புரட்டியதாக அட்டையில் எழுதுவது. அட்டையைப் பார்த்து அடுத்த ஆள் நம்புவார். புண் எங்கே எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பிறகு விசாரணை வந்தால் கையெழுத்துப் போட்டவரின் பதிவே போய்விடலாம்.

எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று சட்டம் இல்லையா? இங்கிலாந்தின் 2014 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி "போதுமான" தகுதியுள்ள ஆட்கள் இருக்க வேண்டும் என்கிறது, எண்ணிக்கை சொல்லவில்லை. அமெரிக்காவில் 2024 இல் ஓர் எண்ணிக்கையை விதியாக்கினார்கள்: இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணித்தியாலப் பராமரிப்பு. இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை ரத்துச் செய்தது. "போதுமான" என்ற சொல் முதலாளிக்கு எவ்வளவு வசதியானது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து ஆள்மேல் ஏன் கோபம் வருகிறது

1983 இல் சூசன் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் தாதியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலே இருப்பவரை எதிர்க்க வழியில்லாத கூட்டம், தன் கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர்மேல் திருப்பும் என்பது அவர் சொன்னதன் சாரம். டொக்டரோடும் நிர்வாகத்தோடும் பேச முடியாத தாதி, புதிதாக வந்த தாதியைக் கடிகிறார். மலையில் இதை நாம் பார்த்ததில்லையா? தராசில் கிலோ வெட்டியது ஒருவர், அரைப் பேர் போட்டது இன்னொருவர். ஆனால் சண்டை நடப்பது பக்கத்து நிரைக்காரியோடு, "என் நிரையில கை வச்சிட்டா" என்று.

இதற்கும் முன்னால், 1960 இல், இசபெல் மென்சிஸ் என்பவர் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஆராய்ந்து எழுதினார். நோயும் சாவும் தரும் பயத்தைத் தாங்க முடியாமல் ஆஸ்பத்திரியே சில பழக்கங்களை உண்டாக்கிக்கொள்கிறது என்றார் அவர். நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலோ நோயின் பெயராலோ சொல்வது, ஒரு தாதி ஒருவரோடேயே நெருங்கிவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, இப்படி. மனம் நோகாமல் இருக்க வந்த பழக்கங்கள்தான். ஆனால் வேலையில் கிடைக்கிற திருப்தியும் அதோடு போய்விட்டது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலர் பாதியில் விட்டுப் போனார்கள். முதியோர் இல்லத்தில் இது இன்னும் கடினம் என்றே நினைக்கிறோம். ஆஸ்பத்திரி நோயாளி பத்து நாளில் வீட்டுக்குப் போவார். இல்லத்துப் பாட்டியோடு இரண்டு வருடம் பழகி, அவர் பேரப்பிள்ளைகளின் பெயர்கூடத் தெரிந்த பிறகு, ஒரு நாள் காலையில் அந்தக் கட்டில் வெறுமையாக இருக்கும். மாலைக்குள் வேறொருவர் வந்துவிடுவார். அழ நேரம் கிடையாது.

இப்படியே போனால் ஒரு கட்டத்தில் உடம்பும் மனமும் விட்டுப்போகும். தூங்கி எழும்பினாலும் அசதி, யாரைக் கண்டாலும் வெறுப்பு, என்ன செய்தும் பிரயோசனம் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதைத் தன் நோய் வகைப் பட்டியலில் சேர்த்தபோது, இது ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீர்க்கப்படாத நெருக்கடியால் வருவது என்றே சொன்னது. அதாவது பிள்ளையிடம் குறை இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்ன செய்யலாம்

முதலாவது, பொறுப்புக் கையளிக்கும் நேரம். பெரும்பாலான சண்டைக்கு விதை அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒரு முறை உண்டு. இப்போது என்ன நடக்கிறது, முன்னால் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நாலு படியாகச் சொல்வது. "நாலாம் அறை ஐயா நேற்றிலிருந்து தண்ணி குறைவாத்தான் குடிக்கிறாரு. வழக்கமா நல்லாக் குடிப்பாரு. சிறுநீர்ல கிருமி இருக்குமோன்னு நெனைக்கிறேன். காலையில டொக்டருக்குச் சொல்லணும்." இவ்வளவுதான். அதோடு "ரெண்டு மணிக்குப் புரட்ட முடியல, ஆள் இல்ல" என்பதையும் மறைக்காமல் சொல்லி, அட்டையிலும் அப்படியே எழுதிவிட வேண்டும். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதுவதுதான் பிற்பாடு பாதுகாப்பு.

சக ஊழியரோடு பேசும்போது எல்லோர் முன்னாலும் பேசக்கூடாது. குணத்தைப் பேசாமல் நடந்ததைப் பேச வேண்டும். "நீங்க சோம்பேறி" என்பதற்கும் "நேற்று மூணு தடவ மணி அடிச்சது, நான் தனியா இருந்தேன், என்ன நடந்தது?" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பதினைந்து வருடம் அங்கேயே வேலை செய்யும் உதவியாளரிடம் புதிதாக வந்த தாதி அதிகாரம் காட்டினால் எடுபடாது. இந்த அம்மாவுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்தால் விழுங்குவார் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற தாதிக்குக் கொஞ்ச நாளில் ஒரு துணை கிடைக்கும்.

ஆனால் ஆள் பற்றாக்குறையை நயமாகப் பேசித் தீர்க்க முடியாது. அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். திகதி, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை ஆள் கடமையில், எந்த வேலை விடுபட்டது. நிர்வாகி கேட்காவிட்டால் அங்கே பராமரிப்புத் தர ஆணைக்குழு இருக்கிறது. அதற்குத் தெரிவிப்பவரைப் பழிவாங்காமல் காக்க 1998 இல் ஒரு சட்டமும் வந்தது. யுனிசன், அரச தாதியர் கல்லூரி போன்ற சங்கங்களில் சேரலாம். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே 11 மணித்தியால ஓய்வு என்பதும் அங்கே 1998 முதல் உள்ள விதி. விசாவைக் காட்டிப் பயமுறுத்தி இதையெல்லாம் கேட்கவிடாமல் செய்கிற இடங்களும் உண்டு. அதனால்தான் சங்கம் முதலில் வேண்டும் என்கிறோம்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. பிள்ளை போனில் குறை சொல்லும்போது, "கடன் இருக்குத் தெரியுந்தானே" என்று தொடங்காதீர்கள். கடன் அவளுக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நீ ஒருத்தி, ராத்திரிக்கு எத்தனை ஆள், நேற்று உட்கார்ந்து சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரவு வேலை செய்தவள் பகலில் தூங்குவாள். நம் நேரத்துக்கும் அங்கத்தைய நேரத்துக்கும் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். நாம் பகல் சோறு சாப்பிட்டுவிட்டுப் போன் எடுத்தால் அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கண் அயர்ந்திருப்பாள்.

புதிதாகப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2022 இல் பராமரிப்பு உதவியாளர்களுக்குத் திறந்துவிட்ட விசா வழியை, இங்கிலாந்து 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மூடிவிட்டது. தகுதி பெற்று அங்கே பதிவு செய்துகொள்ளும் தாதிமாரின் வழி வேறு. ஆகவே "இங்கிலாந்துல பராமரிப்பு வேல, விசா ரெடி" என்று யாராவது லயத்துக்கு வந்து முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜப்பானுக்கு வழி உண்டு. 2019 இல் இலங்கை அந்த நாட்டோடு ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். எந்த நாடு என்றாலும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். அந்த முகவரிடம் சம்பளத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த இல்லத்தில் எத்தனை கட்டில், இரவில் எத்தனை ஆள்?