புகையை விட்ட பின் கறுக்கும் படம்

சிகரெட்டை நிறுத்தி ஓராண்டு ஆனவர் மறுபடி நுரையீரல் சி.டி. ஸ்கேன் எடுத்தால், பழைய படத்தைவிடப் புதியது கூடுதலாகக் கறுத்திருக்கலாம். விட்டதற்கு இதுவா கூலி என்று அவர் நொந்துகொள்வார். நொந்துகொள்ளத் தேவையில்லை.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. கருவியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அந்த அலகுக்கும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. எண் இறங்க இறங்கப் படம் கறுக்கும். மூச்சை நிறைய இழுத்து அடக்கி எடுத்த படத்தில் மைனஸ் 950-க்குக் கீழே உள்ள இடங்களை எம்ஃபிசிமா, அதாவது காற்றறைச் சுவர்கள் அழிந்த பகுதி என்று கணினி கணக்கில் சேர்க்கிறது. புகைப்பவரின் நுரையீரலில் இருக்கும் அழற்சி இந்த எண்ணைச் சற்றே ஏற்றிவிடும், அழிவு மறைந்திருக்கும். புகையை விட்டதும் அழற்சி வடிய, முன்பே நேர்ந்திருந்த சேதம் படத்தில் தெரியவருகிறது.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி இருக்க, படம் எதற்கு? ஊதும் சோதனை இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்தே கணக்குச் சொல்லும். கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லாது. சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் பெரும்பாலும் தொடங்குவது 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய மூச்சுக்குழாய்களில். அவற்றில் பல அழிந்த பிறகுதான் ஊதும் எண் இறங்கும். சி.டி.க்கும் அவை நேரடியாகத் தெரியாது. இங்கேதான் ஓர் அழகான யுக்தி. மூச்சை வெளியே விட்ட நிலையில் இன்னொரு படம் எடுத்து, முதல் படத்தின்மேல் புள்ளிக்குப் புள்ளி பொருத்துகிறார்கள். இரண்டிலும் கறுத்த இடம் எம்ஃபிசிமா. இழுக்கும்போது சரியாக இருந்து, விட்ட பிறகும் காற்று வெளியேறாமல் தேங்கிய இடம் சிறுகுழாய்க் கோளாறு. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2012-இல் வெளியிட்ட முறை இது. அமெரிக்காவில் 10,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்த 'சிஓபிடிஜீன்' ஆய்வின் படங்கள் அதற்குக் கைகொடுத்தன.

கதிர்வீச்சே இல்லாத வழியும் உண்டு. லேசர் உதவியால் காந்தமூட்டிய செனான்-129 வாயுவை உள்ளிழுத்துச் சில விநாடி மூச்சடக்கினால், எம்.ஆர்.ஐ. படத்தில் வாயு போய்ச் சேராத இடங்கள் இருட்டாகத் தெரியும். செனான் ரத்தத்திலும் கரைவதால், காற்றறையிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடப்பதையும் அளக்கலாம். வாயு போய்ச் சேரும் இடங்களைப் படமெடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் செனானுக்கு அனுமதி தந்தது. ஆனால் செனானுக்கென்று தனிக் கருவிகள் வேண்டும். சாதாரண ஸ்கேன் சென்டரில் கிடைக்காது.

புகையை விட்டவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று ஒதுக்காமல் முதலில் ஊதும் சோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். எடுத்தால், கடைசி சிகரெட் எப்போது என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.