ஸ்வரம் எழுதிய கைகள் – 9: மதனப்பள்ளியில் மார்கரெட் கசின்ஸ்

சென்ற இதழில் சின்னசாமி முதலியாரைப் பார்த்தோம். தியாகையரின் கிருதிகளை ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொடேஷனில் எழுதி, 1893-இல் சென்னையில் அச்சேற்றியவர். நம் சங்கீதத்தில் ஊறி, அங்கிருந்து மேற்கத்திய இசையின் எழுத்தை எட்டிப் பிடித்தவர் அவர். இந்த வாரம் வருபவர் எதிர்த்திசைக்காரர். அந்த எழுத்திலேயே வளர்ந்து, நம் பாட்டுக்குக் காதைப் பழக்கிக்கொண்டவர்.

மதனப்பள்ளி என்றதும் இன்று தக்காளி மண்டிதான் நினைவுக்கு வரும். 1919-இல் அது சித்தூர் ஜில்லாவின் கல்லூரி ஊர். அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான சபையினர் நடத்திய கல்லூரி அது. முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர். அவர் மனைவி மார்கரெட்.

மார்கரெட் 1878-இல் அயர்லாந்தின் பாயில் என்ற சிற்றூரில் பிறந்தார். டப்ளினில் ராயல் ஐரிஷ் இசைக் கழகத்தில் பியானோ பயின்று, 1902-இல் இசையில் பட்டம் பெற்றார். பியானோ ஆசிரியையாக வேலை பார்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டம் அவரைத் தெருவுக்கு இழுத்தது. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காக 1910-இல் லண்டன் ஹாலோவே சிறை, 1913-இல் அயர்லாந்தின் டல்லமோர் சிறை. 1915-இல் கணவருடன் சென்னைக்கு வந்தார். 1917-இல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தார். தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் சில நாள் ஓய்வுக்காக வந்தவர் கல்லூரியில் தங்கினார். ஒரு மாலை, மாணவர்கள் கூடிப் பாடும் நேரத்தில் தாமும் ஒரு பாட்டுப் பாடினார். 1911 டிசம்பர் 27-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்ட அதே பாட்டுதான்: ஜன கண மன. மாணவர்கள் சேர்ந்திசைத்தார்கள். மார்கரெட் அதைக் கேட்டு ஸ்வரப்படுத்தினார். தாகூர் பார்த்து ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 28-ஆம் தேதியிட்டு, பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவரே மார்கரெட்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. மெட்டு தாகூருடையது, ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மேடை ஏறியது. மார்கரெட் செய்தது வேறு வேலை. அந்த வேலையின் அருமை தெரியாததால்தான், அவரைப் பெருமைப்படுத்த நினைப்பவர்கள் அவருக்கு இல்லாத பட்டத்தைக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பாடக் கேட்டு எழுத உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். முதலில் பாடுகிறவரின் ஆதார ஸட்ஜம் எது என்று பிடிக்க வேண்டும். பிறகு காலப்பிரமாணம். பாடுகிறவரோ அதே வரியை இரண்டாம் முறை பாடும்போது சற்று இழைத்து மாற்றுவார். எது மெட்டின் எலும்பு, எது அந்த நேரத்து அழகு என்று பிரித்துத் தீர்மானிப்பது எழுதுகிறவர்தான். இந்தப் பாட்டைப் பாடிப் பாருங்கள். ஸ, ரி என்று ஏறி காந்தாரத்தில் கால் ஊன்றிக்கொள்கிறது. வெகுநேரம் அங்கேயே நிற்கிறது. பெரும்பாலும் நம் சங்கராபரண ஸ்வரங்கள். பியானோவில் வெள்ளைக் கட்டைகளே போதும். மாகாணங்களின் பெயர் வரும் இடத்தில் மட்டும் பிரதி மத்தியமம் ஒரு கணம் தொட்டுப் போகும். அங்கே விரல் கறுப்புக் கட்டைக்குத் தாவியாக வேண்டும். அவசரக்காரர் காதில் அது விழாது. பள்ளிக்கூடங்களில் பல குழந்தைகள் இன்றும் அதை விட்டுவிட்டுத்தான் பாடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தாகூருக்கு ஹார்மோனியம் ஆகாது. நம் பாட்டின் நெளிவு சுளிவுகளைக் கட்டைகள் கொன்றுவிடும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். 1940-இல் அகில இந்திய வானொலி அந்த வாத்தியத்தைத் தடை செய்ததற்கு அவருடைய ஆதரவு இருந்தது. அப்படிப்பட்டவர் பியானோ படித்த பெண்ணின் எழுத்தை ஏற்றுக்கொண்டார் என்றால், அந்தக் காது எவ்வளவு நுட்பமாக இருந்திருக்க வேண்டும்! ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக, கூட்டமாகப் பாட ஏற்ற பாட்டுக்கு நிலையான வடிவம் வேண்டும். பேண்டு வாத்தியத்துக்கோ ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ எடுத்துப்போக வேண்டுமானாலும் கையில் எழுதிய தாள் வேண்டும்.

அதன் பிறகு மார்கரெட் மங்களூரில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஆனார். 1922-இல் மாஜிஸ்ட்ரேட் பதவி வந்தது, இந்தியாவில் அப்பதவி ஏற்ற முதல் பெண் என்ற பெயரோடு. 1932-இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசி, ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர் சிறைக்குப் போனார். இசையையும் விடவில்லை. கீழை, மேலை இசைகளைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1935-இல் சென்னையில் புத்தகமாக வந்தன. மாதர் இயக்க வரலாறுகளில் அவருக்கு நல்ல இடம் இருக்கிறது. சங்கீத வரலாறுகளில் பெயர் அகப்படுவது அபூர்வம். இந்தத் தொடரை எழுத எனக்கிருந்த காரணங்களில் இந்தக் குறையும் ஒன்று.

1940-களில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1950 ஜனவரி 24-இல் அரசியல் நிர்ணய சபை ஜன கண மனவைத் தேசிய கீதமாக ஏற்றபோது அவர் உயிரோடு இருந்தார். 1954-இல் காலமானார்.

எழுதி வைக்க ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை அறிய, அன்று அதே ஜில்லாவில் இருந்த திருப்பதி வரை போனால் போதும். திருமலைக் கோயிலில் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் செப்பேடுகளில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சொற்கள் இருந்தன, ராகத்தின் பெயரும் இருந்தது, மெட்டு இல்லை. அவற்றில் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்து, தாமே ஸ்வரப்படுத்தியும் கொடுத்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)