சைக்கிளில் பிச்சாவரம்: தில்லைக் கிளையைத் தொடாதீங்க!

"சைக்கிள் மிதிச்சே இருபது வருஷமாச்சு டாக்டர், முடியுமா?" என்று கேட்கிறீர்களா? தாராளமாக முடியும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரம். மேடு பள்ளமில்லாத டெல்டா பூமி. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம்.

முதலில் ஸீட்டைச் சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்ந்த ஸீட் முழங்காலைப் படுத்திவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு மிதிக்கவே கூடாது. நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், படபடப்பு, திடீர் வியர்வை வந்தால் உடனே இறங்கி அதை வாயில் போடுங்கள். நெஞ்சு வலித்தால் பயணம் அத்தோடு சரி, ஆஸ்பத்திரிதான்.

கயாக்கில் நீங்களே துடுப்புப் போடுவதானால் கையை மட்டும் நம்பாதீர்கள். இடுப்போடு உடம்பைத் திருப்பித் தள்ளினால் தோள் பிடிக்காது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் அவசியம்.

அலையாத்திக் காட்டில் கால்வாய் குறுகும் இடத்தில் கிளையைப் பிடித்துப் படகை நிறுத்தக் கை துறுதுறுக்கும். பிடிக்காதீங்க! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல். சில நேரம் பார்வைகூட மறையும். கசக்காமல், நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவி, நேரே கண் டாக்டரிடம் போங்கள். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் இதற்குக் கை வைத்தியம் சொல்ல மாட்டேன். அங்கே சுற்றிலும் உப்புத் தண்ணிதான். அதனால் குடிக்க எடுத்துப்போவது போக, இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் படகில் தனியாக இருக்கட்டும்.