இலையில் ஏரி கட்டும் செடி

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கி வைத்துப் பயிர் செய்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மழை ஓய்ந்த பின்னும் நீர் கிடைக்க அதுவே வழி. இதே வழியைத் தன் இலைகளைக்கொண்டே கையாளும் செடி ஒன்று உண்டு. அதன் பெயர் ஈக்மியா பேசியேட்டா. அழகுக்காக இதை வாங்கி வருவோர், மற்றச் செடிகளைப் போல் எண்ணி வேருக்கு நாள்தோறும் நீர் ஊற்றினால் செடி அழுகிவிடும். அதன் பிறப்பிடத்தை அறிந்துகொண்டால் இத்தவறு நேராது.

அன்னாசியின் உறவு

நாம் உண்ணும் அன்னாசியும் இச்செடியும் புரோமிலியேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்றவை யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. நமது கொல்லிமலையில் விளையும் அன்னாசியும் அங்கிருந்து வந்ததே.

அன்னாசி நிலத்தில் வேரூன்றி வளர்வது. ஈக்மியாவோ பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவை அடுத்த மலைக்காடுகளில் மரக்கிளைகளின்மீதும் பாறைகளின்மீதும் வாழ்வது. மரத்தின்மீது வளர்வதால் இதைப் புல்லுருவி என்று எண்ணிவிடக் கூடாது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஈக்மியா மரத்தைப் பற்றிக்கொள்வதோடு சரி. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர்.

நீர் எங்கிருந்து வருகிறது?

மண்ணைத் தொடாத செடிக்கு நீர் ஏது? ஈக்மியாவின் அகன்ற இலைகள் அடிப்பகுதியில் ஒன்றையொன்று இறுகத் தழுவி ஒரு கிண்ணம் போல் அமைந்துள்ளன. மழைநீர் அதில் தேங்குகிறது. உதிர்ந்த சருகும் இறந்த பூச்சிகளும் அதில் விழுந்து மட்கி உரமாகின்றன. இலைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் நீரையும் உரச்சத்தையும் உறிஞ்சுகின்றன. பச்சை இலையின் குறுக்கே தெரியும் வெள்ளிப் பட்டைகள் இச்செதில்களே. தூசி படிந்திருக்கிறதென்று அவற்றைத் துணியால் அழுத்தித் துடைப்பது தவறு.

நீரைச் சேமிக்க மற்றோர் ஏற்பாடும் உண்டு. இச்செடி பகல் வெயிலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது.

வளர்க்கும் முறை

தேங்காய் மட்டைத் துண்டு, கரி, செங்கல் ஓடு ஆகியவற்றைக் கலந்து சிறிய தொட்டியில் நடலாம். களிமண் ஆகாது. வேர்ப்பகுதி இலேசான ஈரத்துடன் இருந்தால் போதும். நீரை இலைக்கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். உப்பு மிகுந்த கிணற்று நீர் இலையில் வெண்மையாகப் படியும், மழைநீரே சிறந்தது. நமது கோடை வெயில் நேரே பட்டால் இலை கருகும். திண்ணையோரம், மாமர நிழல் ஆகியவை ஏற்ற இடங்கள். இலை விளிம்பில் முள் உண்டு என்பதால் குழந்தைகள் எட்டாத இடமாக இருத்தல் நலம்.

இளஞ்சிவப்புப் பூவடிச் செதில்கள் நிறைந்த மஞ்சரி கிண்ணத்தின் நடுவிலிருந்து எழும். அதனிடையே சிறு நீலப்பூக்கள் மலரும். பூக்கள் விரைவில் வாடினாலும் மஞ்சரியின் நிறம் மாதக்கணக்கில் நிற்கும். ஒருமுறை பூத்த செடி மெல்ல மடியும். ஆனால் அதற்குள் பக்கக் கன்றுகளை ஈன்றுவிடும். வாழையடி வாழை என்பது இதற்கும் பொருந்தும். கன்று தாய்ச்செடியில் பாதி உயரம் வளர்ந்ததும் பிரித்து நடலாம்.

நன்கு வளர்ந்தும் பூக்காத செடியைப் பூக்கச் செய்ய எளிய வழி உண்டு. கிண்ணத்து நீரை வடித்துவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் செடியைப் பாலிதீன் பையில் மூடி, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூப்பதைத் தூண்டும். சில மாதங்களில் மஞ்சரி தோன்றும். வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் இவ்வாயுவின் செயலே.

கவனம் தேவை

தேங்கிய நீர் கொசுவுக்கும் தொட்டிலாகும் அல்லவா? 1940-களில் டிரினிடாட் தீவின் கொக்கோத் தோட்டங்களில் மலேரியா பரவியது. நிழலுக்காக வளர்த்த கல்யாண முருங்கை இன மரங்களில் தொற்றியிருந்த இக்குடும்பச் செடிகளின் நீரில் அனாபிலஸ் கொசு ஒன்று பெருகியதே காரணம் எனக் கண்டறிந்தனர். மயில்துத்தக் கரைசலைத் தெளித்து அச்செடிகளை அழித்தனர்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே மூன்று நாளுக்கொரு முறை தொட்டியைச் சாய்த்துப் பழைய நீரை முழுதும் கொட்டி, புதுநீர் ஊற்ற வேண்டும். இரண்டாவது, செம்புச்சத்து இச்செடிக்கு நஞ்சு. போர்டோ கலவையைத் தெளிக்கலாகாது.

பிறந்த காட்டில் இவ்வினச் செடிகளின் நீரில் தவளைகள் முட்டையிடுகின்றன. தங்கச் சிங்கக் குரங்குகள் அதில் இரை தேடுகின்றன. அந்தப் பிரேசில் காடுகளில் இன்று எஞ்சியிருப்பது சிறு பங்கே. காட்டில் பல உயிர்களைக் காக்கும் அதே நீர், நம் வீட்டுத் திண்ணையில் கவனிப்பாரின்றிக் கிடந்தால் நோயை வளர்க்கும். ஏரியைக் கட்டினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும் என்பதை நம் உழவர் அறிவர். செடியின் சிற்றேரிக்கும் அதுவே விதி.