செவித்திறன் குறைந்த மாணவர் யோகா கற்பது எப்படி?

யோகா வகுப்பு பெரும்பாலும் ஆசிரியரின் குரலை நம்பியே நடக்கிறது. மாணவர்கள் கண்ணை மூடியிருக்க, ஆசிரியர் சொல்லச் சொல்லச் செய்கிறார்கள். செவித்திறன் குறைந்த மாணவருக்குத் தடையாக இருப்பது இந்தக் கற்பிக்கும் முறைதான். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் எல்லோருக்கும் போலவே அவருக்கும் கைகூடும்.

எனவே மாற வேண்டியது கற்பிக்கும் முறை. ஆளுக்கேற்பப் பயிற்சியை அமைப்பது சென்னையில் ஏற்கெனவே வேரூன்றிய வழக்கம். யோகா ஆசான் டி.கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற அவர் மகன் டி.கே.வி.தேசிகாச்சார், 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது.

முதலில் பார்த்தல், பிறகு செய்தல்

சைகை மொழிக்குக் கைகள் வேண்டும். ஆசனத்துக்கும் கைகள் வேண்டும். அதனால் விளக்கமும் பயிற்சியும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. ஆசிரியர் முழு ஆசனத்தையும் செய்துகாட்டி, சைகையில் விளக்கி முடித்த பிறகே மாணவர் தொடங்க வேண்டும். அதோமுக சுவானாசனம் போலத் தலை கீழே தொங்கும் நிலைகளில் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிய மாட்டார் என்பதால், எத்தனை மூச்சு நிற்பது என்பதையும் முன்கூட்டியே விரலால் காட்டிவிட வேண்டும்.

வரிசையாக உட்காருவதைவிட அரைவட்டமாக உட்காருவது நல்லது. ஜன்னலுக்கு முதுகு காட்டி ஆசிரியர் நின்றால் முகம் நிழலாகிவிடும். உதட்டசைவை மட்டும் நம்பவும் முடியாது. தமிழில் ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். உள்ளங்கை மேலே எழுந்தால் மூச்சை இழுப்பது, கீழே இறங்கினால் விடுவது என்று வகுப்புக்குள் ஒரு குறியை முடிவு செய்துகொண்டால் குழப்பம் வராது.

சமநிலை

கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்காதில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்கள் இரண்டையும் சேர்த்தே பாதிக்கலாம். அப்படிப் பாதிக்கப்பட்டவர் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் கண்ணை மூடினால் தடுமாறலாம். சுவரோரம் நின்று, எதிரே அசையாத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு செய்வது பாதுகாப்பு. கேட்பதற்காக உட்காதில் காக்ளியர் கருவி பொருத்தியவர்கள் சிரசாசனம் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வியர்வை ஈரம் கருவியைப் பழுதாக்கலாம் என்பதால், காதுக்கு வெளியே அணியும் பகுதியைக் கழற்றி வைப்பதும் நல்லது.

அதிர்வே ஆசான்

பிராமரி மூச்சுப் பயிற்சியில் எழும் ரீங்காரத்தைத் தொட்டு உணரலாம். ஒரு கையை நெஞ்சிலும் மறுகையைக் கன்னத்திலும் வைத்தால் அதிர்வு தெரியும். ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்து உதட்டருகே கொண்டுபோனால் அந்த அதிர்வு விரல்நுனி வரை வரும். குழந்தைகளுக்கு இது சட்டென்று புரியும்.

சவாசனத்தில் கண்ணை மூடியதும் மாணவருக்கு வகுப்போடு இருக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. எப்போது எழுவது என்று தெரியாமல் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தால் உடல் தளராது. முடிந்ததும் பாதத்தைத் தொட்டு எழுப்புவதாக முன்பே சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கிடப்பார். மரத்தரையைத் தட்டினால் அதிர்வு பரவும், சிமென்ட் தரையில் அவ்வளவாகப் பரவாது. அங்கே விளக்கை இருமுறை அணைத்துப் போடலாம்.

எந்த நேரம் நல்லது?

விடியும் முன் இருட்டில் மொட்டை மாடியில் செய்யும் பயிற்சி, கண்ணால் கற்பவருக்குப் பயன்படாது. வடசென்னையின் கொடுங்கையூரில் அதிகாலையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைக் கிடங்கும் அருகில் மணலி தொழிற்பேட்டையும் உள்ள பகுதி இது. குளிர்கால அதிகாலையில் புகை மேலெழாமல் தரையோடு தங்கும். வெயில் ஏறி வெளிச்சமும் காற்றோட்டமும் வந்த பிறகு தொடங்குவதே நல்லது. குப்பை எரியும் நாளில் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளைத் தவிர்த்து, வீட்டுக்குள் ஆசனங்களை மட்டும் செய்யலாம்.

உரிமை

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறையாக ஏற்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்தவும் சொல்கிறது. 2015-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021-ல் வெளியிட்டது. ஜூன் 21 சர்வதேச யோகா தின மேடைகளிலும் பள்ளி, மாநகராட்சி வகுப்புகளிலும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்பது இந்த உரிமையின் நடைமுறை வடிவம். செவித்திறன் குறைந்தவர்களையே யோகா ஆசிரியர்களாகப் பயிற்றுவிப்பது அதைவிட நிலையான தீர்வு.