எட்டு லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ.

"520டி ஒண்ணு எட்டு லட்சத்துக்கு வருதுங்ணா, எடுத்துரலாங்களா?" கோவையில் உள்ள என் பட்டறைக்கு இப்படி போன் வந்துகொண்டே இருக்கும். எடுக்கலாம். ஜெர்மன் கார்களைப் பிரித்து மாட்டுவதே எனக்குப் பிழைப்பு. அவற்றின் மேல் தனிப் பிரியமும் உண்டு. ஆனால் வயசாக ஆக வண்டியின் விலைதான் இறங்கும். உள்ளே இருக்கும் பம்ப்பும் சென்சாரும் புதுக் கார் விலைக்கு ஏற்ற விலையிலேயே இன்றும் விற்கின்றன.

2010-ஐ ஒட்டி வந்த 320டி, 520டி வண்டிகளில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். இழுவை, மைலேஜ் இரண்டும் அருமை. தொல்லை டைமிங் செயினில். வழக்கமாக இன்ஜினின் முன்பக்கம் வரும் செயினை இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக வைத்துவிட்டார்கள். செயின் தளர்ந்துவிட்டால், ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து கரகரவென்று உரசல் கேட்கும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் அறுந்து, பிஸ்டன் வால்வை இடித்து இன்ஜினே போய்விடும். செயின் விலையைவிட அதைத் தொடுவதற்கு ஆகும் கூலிதான் பில்லை ஏற்றும். பெரும்பாலும் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

பழைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கவலையே வேறு. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. வருஷம் போகப் போக ரப்பரில் வெடிப்பு விடும். கசிகிற காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, கம்ப்ரஸரும் கருகும். ஒரு பையை மாற்றுவதில் தொடங்கும் செலவு கம்ப்ரஸர் வரை போய் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். ராத்திரி நிறுத்தும்போதும், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பும், நாலு சக்கரத்துக்கு மேலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது.

டயரையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. நாலு டயரும் நாலு கம்பெனி என்றால், அந்த ஓனர் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே சிக்கனம் பிடித்திருக்கிறார். கியர்பாக்ஸ் ஆயிலை அவர் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே 10 வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பயந்து விற்றவர்கள் நிறையப் பேர். வண்டி நல்லதாகவே இருக்கலாம், என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்கிற செலவையும் சேர்த்தால்தான் அதன் உண்மை விலை தெரியும்.

என் கணக்கு இதுதான்: வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் வருஷ வேலைக்கென்று தனியாகக் கையில் இருக்க வேண்டும். எட்டு லட்சம்தான் மொத்தப் பணம் என்றால் ஆறு லட்சத்துக்கு வண்டி பாருங்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். "எல்லாம் பண்ணியாச்சுங்க, பில்லுதான் இல்லை" என்பவரிடம் பேரம் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.